பார்க்காமல் போட்ட கையெழுத்து

— டார்ச்சை இங்க அடி, லிண்டெல்வா. சுவத்துல என்ன இருக்கு? புண்ணு இங்க இருக்கு.

— அடிக்கிறேங்க சிஸ்டர்.

— அடிக்கிறே, ஆனா முகம் ஜன்னல் பக்கம். வெளிச்சம் பூரா தாத்தாவோட தோள்ல விழுது. கீழ, கேட்டியா, இடுப்புக்கும் கீழ. வால் எலும்புகிட்ட.

— இந்த இடமாங்க?

— நீ பார்த்தாத்தானே இந்த இடமா அந்த இடமான்னு தெரியும்! ஆண்டவரே, இன்னிக்குன்னு பார்த்துக் கரண்டும் இல்ல, ஜெனரேட்டருக்கு டீசலும் இல்ல. திரை வேற போட்டாச்சு. குகைக்குள்ள உக்காந்து வேலை பார்க்குறேன் நான்.

— சிஸ்டரம்மா.

— சொல்லுங்க, ஃபெஸிலே தாத்தா. போர்வையை எடுத்தது குளிருதா?

— அந்தப் பொண்ணை வெளிய போகச் சொல்லுங்க.

— அவ போயிட்டா எனக்கு யாரு விளக்குப் பிடிப்பா? நீங்க பிடிப்பீங்களா?

— அப்ப கண்ணை மூடிக்கச் சொல்லுங்க.

— தாத்தா, அவ இங்க தாதியா வேலை பார்க்குறா. இந்த இல்லத்துல இருக்குற அத்தனை கிழவன் கிழவியோட பின்பக்கமும் அவளுக்கு மனப்பாடம். உங்களோடது என்ன தங்கத்துலயா செஞ்சிருக்கு? வெக்கப்படாதீங்க.

— எனக்கு வெக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல. மூடிக்கச் சொல்லுங்க.

— மூடிக்கிட்டேங்க சிஸ்டர்.

— நல்லாயிருக்கு! ஒருத்தர் மூடச் சொல்றாரு, ஒருத்தி மூடிக்கிறா. நடுவுல நான் மோந்து பார்த்துத்தான் புண்ணை அளக்கணும் போல.

— மோந்து பார்த்தாலே தெரியும், சிஸ்டரம்மா. ஆயுசு பூரா வெள்ளைக்காரன் பண்ணையில ஆட்டுக்கு ரோமம் வெட்டினவன் நான். மழைக்காலத்துல ஆட்டோட வால்கிட்ட ஈ முட்டை வெச்சுப் புழுப் பிடிச்சா இந்த நாத்தம்தான் அடிக்கும். எலும்பு தெரியுதா?

— அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? ஊசி போடுறேன், கொஞ்சம் தூங்குங்க.

— ஆட்டுக்கு எலும்பு தெரிஞ்சா நாங்க ஊசி போடமாட்டோம். கத்தியை எடுப்போம்.

— எனக்குக் கோபம் வர்ற மாதிரிப் பேசாதீங்க தாத்தா. கையைத் தளர்த்துங்க. குத்துறேன். அவ்வளவுதான், ஆச்சு. மூச்சை மெல்ல விடுங்க… அப்படித்தான். அந்தத் தலையணையை அவர் முன்னாடி வை, லிண்டெல்வா, கட்டிப் பிடிச்சுக்கட்டும். தடவித் தடவி வைக்காதே, கண்ணைத் திறந்துக்கிட்டு வை.

— வெச்சுட்டேங்க.

— யாரு அங்க? மேரி பாட்டியா? திரையைத் தூக்காதீங்க! டீ வரும், போய் உக்காருங்க. சோளமும் பீன்ஸும் இன்னும் வேகவே இல்ல, அதுக்குள்ள டீயாம். போங்க, போங்க.

— அவங்களுக்கு நான் போய்…

— நீ எங்கயும் போக வேண்டாம். தாத்தா? ஃபெஸிலே தாத்தா? தூங்கிட்டாரு. இப்பத் திரும்பு. திரும்பி இதைப் பார்.

— என்னால முடியாதுங்க சிஸ்டர்.

— நாத்தம் தாங்கலையா? எனக்கும் தாங்கலை. நான் ஈஸ்டருக்கு லீவு போட்டு வெளியூர் போயிட்டு வந்து வாசல்ல கால் வெச்ச உடனே தெரிஞ்சுது. இத்தனை நாள் இதுக்குள்ளயே சுத்திக்கிட்டிருந்தியே, உனக்குத் தெரியலையா?

— தெரிஞ்சுதுங்க.

— தெரிஞ்சும் இப்படி விட்டியா? சரி. பார்க்க வேண்டாம். எழுதவாச்சும் வருமா? பேனாவை எடு. தலைப் பக்கம் பன்னெண்டு மணி, கால் பக்கம் ஆறு மணின்னு வெச்சுக்க. பன்னெண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் நீளம், ஒன்பது. அகலம், ஏழு.

— ஒன்பது… என்னதுங்க?

— என்னதுன்னா?

— மில்லிமீட்டருங்களா?

— சென்டிமீட்டர்டி! உன் உள்ளங்கையை உள்ள வெச்சா அப்படியே மூடும். மில்லிமீட்டராம். எழுது. அடுத்தது ஆழம். பஞ்சுக்குச்சியை விடுறேன். போகுது… இன்னும் போகுது. ஆண்டவரே, இது எங்க போய் நிக்கும்? நின்னுடுச்சு. தட்டினா டக்குங்குது.

— அது…

— எலும்புதான். மூணு மணிப் பக்கம் மேல தோல் இருக்கு, ஆனா கீழ ஒண்ணுமே இல்ல, குடைஞ்சு போயிருக்கு. என் விரல் உள்ள போகுது. எழுதுறியா அழுவுறியா?

— எழுதுறேங்க.

— நிறம். பாதி கறுப்பு, பாதி மஞ்சள். சிவப்பா, உசிரோட ஒரு இடம் இருக்கான்னு தேடுறேன்… இல்ல. நாலாம் நிலைன்னு போடு. அதுக்கு மேல நிலையே கிடையாது. மேல பேரு எழுதிட்டியா? காட்டு. இது என்ன, 'கட்டில் ஒன்பது'? பேரு எங்க?

— கட்டில் போதாதுங்களா?

— மத்தவங்களுக்கெல்லாம் பேரு எழுதியிருக்கியே. இங்க பார், மேரி பாட்டி பேரு இருக்கு. கண் தெரியாத ஸ்டாம்போ பேரு இருக்கு. இவருக்கு மட்டும் முதல்லேர்ந்தே கட்டில். ஃபெஸிலேன்னு எழுது.

— எழுதக் கூடாதுங்க.

— சரி, வாயால சொல்லு.

— சொல்லவும் கூடாதுங்க.

— யாரு கூடாதுன்னது?

— யாரும் சொல்லலைங்க. முறைங்க.

— கொஞ்சம் இரு. பேரைச் சொல்லமாட்டே. முகத்தைப் பார்க்கமாட்டே. இந்தக் கட்டில் வந்தா மட்டும் தலைத்துணியை இழுத்து நெத்தி வரைக்கும் விட்டுக்கிறே. கால்மாட்டுப் பக்கமாச் சுத்திக்கிட்டுத்தான் அந்தாண்ட போறே. நான் உங்க கோசா சனம் இல்லதான். ஆனா இதே ஊர்ல பொறந்து வளர்ந்தவ. கோசா வீட்டு மருமகளை நான் பார்த்ததில்லையா? லிண்டெல்வா, என்னைப் பார்த்துச் சொல்லு. இவர் உனக்கு மாமனாரா?

— பொனகேலேயோட அப்பாங்க.

— பொனகேலே… சுரங்கத்துல பாறை சரிஞ்சு செத்துப்போனானே, உன் வீட்டுக்காரன்?

— ஆமாங்க.

— அடிப் பாவி! இவரைச் சேர்த்ததே கிறிஸ்துமஸுக்கு முன்னாடி. இத்தனை மாசத்துல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! சொல்லியிருந்தா உன்னை அந்தப் பக்கத்து வார்டுக்குப் போட்டுட்டு, இந்தப் பக்கத்துக்கு வேற ஆளை வெச்சிருப்பேன். மாமனார் உடம்பை மருமக பார்க்கக் கூடாதுன்னு தெரியாத ஆளா நான்? போன வருஷம் நோம்புலெலோவுக்கு வார்டு மாத்திக் குடுக்கலையா?

— குடுத்தீங்க. அதுக்கு முன்னாடி அவங்க மாமனாரைக் கேட்டீங்க.

— கேக்காம? ஆளாளுக்கு முறை முறைன்னு சொல்லி வேலையிலேர்ந்து நழுவினா? கேட்டேன். 'ஆமா, எம்மருமக'ன்னாரு. மாத்தினேன்.

— இவங்களைக் கேட்டா 'யாரு இவ, எனக்குத் தெரியாதே'ம்பாங்க.

— என்னது?

— மருமகளா ஏத்துக்கிறப்ப அறுக்கிற ஆட்டை எனக்கு அந்த வீட்ல அறுக்கலைங்க சிஸ்டர். கறியும் புளிச்ச பாலும் குடுத்து உக்கார வைக்கலை. மருமகப் பேரு வைக்கலை. நீங்க கூப்பிடுறது என்னைப் பெத்தவங்க வெச்ச பேரு. அவங்க பொனகேலேக்குப் பேசி வெச்ச பொண்ணு வேற. அவரு என்னைக் கூட்டிக்கிட்டுப் போய் முற்றத்துல நிறுத்தினப்ப, இவங்க ஆட்டுப் பட்டியைச் சாத்துறதுக்குன்னு எழுந்து போனவங்க, நாங்க கிளம்புற வரைக்கும் திரும்பி வரலை.

— அது அன்னிக்கு. அப்புறம் புருஷன் செத்தப்ப?

— செத்தப்பவும்தான். பொண்டாட்டின்னா பாயைப் போட்டுத் தரையில உக்கார வைப்பாங்கல்ல? எல்லாரும் வந்து அவகிட்டத்தானே துக்கம் கேப்பாங்க? எனக்குப் பாய் போடலைங்க. சவம் வீட்டுக்குள்ள இருந்துச்சு. நான் வெளிய, பக்கத்து வீட்டுக்காரங்களோட உக்காந்து, வந்தவங்களுக்குக் கிழங்கு உரிச்சுக் குடுத்துக்கிட்டிருந்தேன். என் புருஷன் சாவுக்கு.

— …அது பெரிய கொடுமைதான்.

— அதுக்கப்புறம் ஒருநாள் அவங்களையே தூக்கிக்கிட்டு வந்து நம்ம வாசல்ல இறக்கினாங்க. பக்கவாதம். நான் தட்டுல கஞ்சியோட வர்றேன், பார்த்தா இவங்க. அவங்களும் என்னைப் பார்த்தாங்க. முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அன்னிலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. தண்ணி வேணும்னாக்கூடப் பக்கத்துக் கட்டில் ஆளைக் கூப்பிட்டுத்தான் சொல்வாங்க. இப்பவும் பார்த்தீங்கல்ல, 'அந்தப் பொண்ணை வெளிய போகச் சொல்லுங்க.' என்னைக் கண்டாலே ஆகலை.

— சரி, ஆகலை. அவர் உன்னை மருமகளா வெச்சுக்கலை. அப்புறம் நீ எந்தக் கணக்குல முறை பார்க்குறே?

— அவங்கதான் வெச்சுக்கலைங்க. நான் இருந்துக்கிட்டேன்.

— புரியலை.

— எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான் சிஸ்டர். பேரைச் சொல்லாம இருக்கிறது, தலையை மூடிக்கிறது, உடம்பைப் பார்க்காம இருக்கிறது. இதை நான் ஒழுங்காச் செஞ்சா, நான் மருமக இல்லைன்னு எவன் சொல்வான்? அவங்களே ஒருநாள் பார்த்துட்டு… அப்படி நினைச்சுக்கிட்டேன். பார்த்துட்டேன்னா நான் யாருங்க? கூலிக்குக் கழுவுறவ. அவ்வளவுதானே?

— நீ கூலிக்குக் கழுவுறவதாண்டி! அதுக்குத்தான் இங்க சம்பளம்!

— மெல்லங்க. முழிச்சுக்குவாங்க.

— இப்ப முழிச்சு என்ன ஆகப் போகுது? எப்படிக் கழுவினே, அதைச் சொல்லு. உள்ளது உள்ளபடி.

— முதுன்ஸி இங்க வேலையில இருந்த வரைக்கும் அவன்தான் குளிப்பாட்டினான். நான் கேட்டுக்கிட்டேன். காரணம் கேக்காமச் செஞ்சான். அவன் உம்டாட்டாவுல வேலை கிடைச்சுப் போனதும்…

— போனதும்?

— போர்வையை எடுக்காம, அடியில கையை விட்டுத் தொடைப்பேன். கையில துண்டைச் சுத்திக்கிட்டு.

— தோல்ல உன் கையே படலை.

— படலைங்க.

— நான் எத்தனை வாட்டி உங்களை உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தேன்! புண்ணு ஆரம்பிக்கிறப்ப தோல் சிவக்கும்னு புஸ்தகத்துல போட்டிருப்பான். அது வெள்ளைக்காரத் தோலுக்கு. உங்க தோல்லயும் என் தோல்லயும் எந்தச் சிவப்பு தெரியும்? புறங்கையை வெச்சுப் பார், சூடா இருக்கா, கல்லாட்டம் இறுகியிருக்கா, இல்ல கொழகொழன்னு இருக்கான்னு பார்னு சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க.

— துண்டைச் சுத்திக்கிட்டா என்ன தெரியும்?

— ஈரம் தெரிஞ்சுது. மூத்திரம்னு நினைச்சேன்.

— துண்டுல கறை?

— பழுப்பா இருந்துச்சு. ரூய்போஸ் டீ சிந்தியிருக்கும்னு…

— படுக்கையில, முதுகுக்கு அடியில, டீ. நீயே அதை நம்பினியா?

— நம்பணும்னு இருந்தேங்க.

— சரி. ரெண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் போட்டதா எழுதியிருக்கே. அதுவாவது நிஜமா?

— சத்தியமாங்க. ஒரு தடவைகூட விட்டதில்ல. விரிப்போட சேர்த்து இழுத்துத் திருப்புவேன்.

— இழுத்தியா? தூக்கலை?

— தூக்கணும்னா அணைச்சுப் பிடிக்கணுமேங்க.

— அடிப் பாவிப் பொண்ணே. அந்த இழுவைதான் தோலை உள்ளுக்குள்ளயே எலும்புலேர்ந்து கிழிச்சுது. நீ திருப்பாமலே விட்டிருந்தாக்கூட இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. அழாதே. இப்ப அழுது யாருக்குப் பிரயோஜனம்? அந்த உப்புத்தண்ணியை எடு. பாட்டிலை என் கையில குடு, அப்புறம் உன் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு நில்லு.

— இது ஆறுங்களா?

— ஆறாது.

— ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா?

— கொண்டுபோவாங்க. கழுவிக் கட்டித் திருப்பி அனுப்புவாங்க. சர்க்கரை இருக்கு, வயசாச்சு, எலும்புக்குள்ள சீழ் இறங்கியாச்சு. உன்கிட்டப் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்ல. வர்ற ஜூன், ஜூலைக் குளிரைத் தாண்டமாட்டாரு. நான் உன்னைத் திட்டுறேன் திட்டுறேன், நான் லீவுல போறதுக்கு முந்தின வாரப் பக்கத்தைப் புரட்டு. நீ 'தோல் நன்றாக இருக்கிறது'ன்னு எழுதியிருக்கே. உன் கையெழுத்துக்குப் பக்கத்துல இன்னொண்ணு இருக்கே, அது யாரோடது?

— உங்களோடதுங்க.

— அதுக்கு முந்தின வாரம்?

— உங்களோடதுதாங்க.

— எல்லாம் என்னோடது. பத்து மணி டீயைக் கையில வெச்சுக்கிட்டு, நின்ன வாக்குல, ஒரு கட்டுக் காகிதத்துக்கும் வரிசையாப் போட்டேன். வாரத்துக்கு ஒருநாள் நானே போர்வையைத் தூக்கிப் பார்க்கணும், அதுக்குத்தான் அந்தக் கையெழுத்து. எனக்கு மாமனாரும் இல்ல, முறையும் இல்ல. முட்டி வலி, சோம்பல், இந்தப் பக்கம் லிண்டெல்வா இருக்கா, அவ நல்லவன்னு ஒரு நினைப்பு. உனக்காவது ஒரு காரணம் இருந்துச்சு. என்னை நினைச்சா எனக்கே அசிங்கமா இருக்கு, கேட்டியா.

— நீங்க அப்படிச் சொல்லாதீங்க சிஸ்டர்.

— சொல்லித்தான் ஆகணும். ஏன்னா இப்ப இன்னொரு அசிங்கத்தைச் சொல்லப் போறேன். மதியம் ஜில்லா ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. கட்டில் கட்டிலாப் பார்ப்பாங்க. இதை மறைக்க முடியாது, மூக்கு இருக்கிறவன் வாசல்லயே கேப்பான். ஆனா எப்ப வந்துச்சுங்கறதை மாத்தலாம்.

— எப்படிங்க?

— சேர்க்கும்போதே இருந்துச்சு. வீட்லேர்ந்தே கொண்டு வந்தாரு. முதுன்ஸி அன்னிக்கு எழுதின தாள்ல ஒரு உடம்புப் படம் இருக்குல்ல, முன்பக்கம் பின்பக்கம்? பின்பக்கத்துல ஒரு சின்ன வட்டம். அதே நீலப் பேனா. அவன் உம்டாட்டாவுல இருக்கான், அவனை யாரு தேடிப் போய்க் கேக்கப் போறா? நான் வட்டம் போடுறேன், கீழ நீ சாட்சிக் கையெழுத்துப் போடு. உன் வேலை தங்கும், என் பேரும் தங்கும். சேர்க்கும்போதே இருந்த புண்ணு மோசமாச்சுன்னா, எங்களால முடிஞ்சதைப் பண்ணினோம்னு சொல்லிக்கலாம்.

— அப்ப அதுக்கு முன்னாடி வீட்ல பார்த்துக்கிட்டவங்க?

— யாரு பார்த்துக்கிட்டது?

— தோபேகா. இவங்க பொண்ணு.

— அவளுக்கு ஆபீஸ்லேர்ந்து ஒரு கடுதாசி போகும். விசாரிப்பாங்க. ஜெயில்லயெல்லாம் போடமாட்டாங்க.

— 'பெத்த அப்பனை அழுக விட்டவ'ன்னு ஊரு பேசும்.

— கொஞ்ச நாள் பேசும். அப்புறம் வேற எதையாவது பேசும்.

— இவங்க செத்தாங்கன்னா, சாவு வீட்ல அவங்க முகத்துக்கு நேராவே பேசும்.

— லிண்டெல்வா, எனக்கும் அது தெரியும். நல்ல வழி இருக்குன்னா நான் இதைச் சொல்வேனா?

— நான் கையெழுத்துப் போடலைங்க சிஸ்டர்.

— போடலைன்னா என்ன ஆகும்னு தெரியுமா? வேலை இன்னிக்கே போகும். தாதி சர்டிபிகேட்டைப் பிடுங்கிப்பாங்க. இந்த ஜில்லாவுல எந்த இல்லத்துலயும் உன்னை வாசல் கூட்டக்கூட எடுக்கமாட்டாங்க. ரெண்டு பிள்ளைங்களுக்கு என்ன போடுவே?

— தெரியலைங்க.

— தெரியலையாம்!

— தோபேகா இவங்களைக் கொண்டுவந்து விட்டப்ப உடம்புல ஒரு கீறல் இல்லைன்னு முதுன்ஸி தாள்லயே இருக்குங்க. ஆட்டுத்தோலை விரிச்சு, ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து திருப்பிப் போட்டிருக்காங்க, தனியா. போர்ட் எலிசபெத்துல வேலை கிடைச்சதும் இங்க கொண்டாந்தாங்க. போகும்போது அழுதுக்கிட்டே என்கிட்டத்தான் வேஸ்லின் டப்பாவைக் குடுத்தாங்க, குதிகால்ல தடவச் சொல்லி. அந்த வீட்டுப் பொண்ணு மேல மருமக பழியைப் போடக் கூடாதுங்க.

— மறுபடியும் மருமக! அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லித்தானேடி இந்த மனுஷன் முதுகுல குழி தோண்டினே!

— ஆமாங்க. அதே வார்த்தையாலதான். அதனாலதான் சொல்றேன். பார்க்காம இருந்தது மட்டும் மருமக வேலை இல்லையே. பழியை ஏத்துக்கிறதும் அந்த வேலைதான். அதையாவது சரியாச் செஞ்சுட்டுப் போறேன்.

— அப்ப என் கதி? 'சிஸ்டர் ஹெண்ட்ரிக்ஸ் டீ குடிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டா'ன்னு அதுவும் வெளிய வரும்.

— வருங்க.

— எவ்வளவு சாதாரணமா 'வருங்க'ங்கறா பாரு. ஓய்வு பெறுறதுக்கு ரெண்டு குளிர்காலம் பாக்கி எனக்கு.

— மன்னிச்சுக்கங்க சிஸ்டர்.

— மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு? நீ 'சரி'ன்னிருந்தா நான் வட்டத்தைப் போட்டிருப்பேன். போட்டுட்டு ஞாயித்துக்கிழமை கோயிலுக்கும் போயிருப்பேன். அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு… குடு அந்தத் தாளை. 'இல்லத்தில் உண்டானது.' எழுதிட்டேன். 'வாராந்திரச் சோதனை செய்யப்படவில்லை.' அதையும் எழுதிட்டேன். என் பேரு. பேனாவைப் பிடி. நீ போடுற இடம் இது.

— கொஞ்சம் இருங்க.

— இப்ப என்ன?

— பார்த்துட்டுப் போடுறேங்க.

— வேண்டாம். நான் பார்த்தது போதும். நீ சொன்னேல்ல, பார்த்துட்டா நீ யாருன்னு? விடு. அப்படியே போடு.

— பார்க்காமப் போட்டுத்தானே இவ்வளவும் ஆச்சு. டார்ச்சை நீங்க பிடிங்க.

— லிண்டெல்வா…

— பிடிங்க சிஸ்டர்.

— சரி. மெல்ல. என் தோளைப் பிடிச்சுக்க. இங்க.

— ஐயோ.

— மூச்சு விடு.

— ஐயோ, ஐயோ… இதுக்குள்ள கையை விட்டா நான் தொடைச்சேன்? இதையா இழுத்தேன்? எப்படிங்க வலியைத் தாங்கினாங்க? ஒரு சத்தம்கூட வரலையேங்க, ஒருநாள்கூட…

— அவருக்குத் தெரியாது. பக்கவாதம் வந்ததுல இடுப்புக்குக் கீழ உணர்ச்சி போச்சுன்னு தாள்லயே இருக்கு. அது ஒண்ணுதான் ஆண்டவர் காட்டின கருணை. போதும், திரும்பிக்க. கையெழுத்தைப் போடு.

— போட்டுட்டேங்க.

— சிஸ்டரம்மா.

— தாத்தா! முழிச்சுட்டீங்களா?

— பார்த்துட்டாளா?

— …பார்த்துட்டா.

— போச்சு. எல்லாம் வீணாப் போச்சு.

— நீங்க எப்பலேர்ந்து முழிச்சிருக்கீங்க?

— ஊசி போட்டா தூங்கணும்னு சட்டமா? இவ கையில துண்டைச் சுத்திக்கிட்டு வர்றப்பவும் முழிச்சுத்தான் கிடப்பேன். தலையணையைக் கடிச்சுக்கிட்டு.

— கடிச்சுக்கிட்டா? அப்ப உங்களுக்கு வலி தெரிஞ்சுதா?

— பக்கவாதம் எடுத்துக்கிட்டது கையையும் காலையும்தான். முதுகு இன்னும் என்னோடதுதான்.

— அடக் கடவுளே! நான் வாரா வாரம் இந்தக் கட்டில்கிட்ட நின்னு 'எப்படி இருக்கீங்க தாத்தா'ன்னு கேட்டேனே! 'வலிக்குது'ன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?

— சொல்லியிருந்தா நீங்க யாரை என் போர்வையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருப்பீங்க, சிஸ்டரம்மா? எங்க வீட்டு மருமகளைத்தானே.